கொல்லிமலை இறக்கத்துல பெடல் உள்ள போன நாள்ல இருந்து பிரேக் பத்தி நான் கத்துக்கிட்டது

2019 டிசம்பர், ஒரு ஞாயித்துக்கிழமை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு செம்மேடு வழியா திரும்பி, சோளக்காடு தாண்டி இறங்க ஆரம்பிக்கும்போது சாயங்காலம் நாலரை இருக்கும். பக்கத்துல வீட்டுக்காரி, பின் சீட்டுல பொண்ணு தூங்கிட்டு இருந்தா. கொல்லிமலை ரோடு போனவங்களுக்குத் தெரியும், 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு, ஒரு வளைவுல இருந்து அடுத்த வளைவுக்கு நடுவுல கார் மூச்சு விடக்கூட நேரம் இருக்காது. என் கார் சின்ன டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், 7 ஸ்பீட் டூயல் கிளட்ச் ஆட்டோ (கியரை அதுவே மாத்திக்கும்), முன்னாடி டிஸ்க் பிரேக் (வீலோட சுத்துற இரும்புத் தட்டை ரெண்டு பக்கமும் பேடு கவ்விப் புடிக்கிறது), பின்னாடி ட்ரம் பிரேக் (வீலோட சுத்துற இரும்புக் கிண்ணத்துக்குள்ள லைனர் விரிஞ்சு உரசுறது). ஏறும்போது அவ்வளவு சந்தோஷமா ஏறுச்சு, அந்த சந்தோஷத்துலயே இறங்கவும் ஆரம்பிச்சேன், கியர் டி-லயே (டிரைவ்) இருக்கு, வளைவுக்கு முன்னாடி நல்லா மிதிக்கிறது, திரும்புறது, விடுறது, மறுபடி மிதிக்கிறது.

நாப்பதாவது வளைவு பக்கத்துல ஒரு கருகின வாடை வந்துச்சு. முன்னாடி போன லாரியில இருந்து வருதுன்னு நெனச்சேன். அதுக்கு ரெண்டு வளைவு கீழ மிதிச்சா பெடல் பாதி வரைக்கும் சும்மா போகுது, பஞ்சு மூட்டைய மிதிச்ச மாதிரி. அடுத்த தடவை தரை வரைக்கும் போயிடுச்சு. அந்த நிமிஷம் இன்னிக்கும் எனக்கு கால்ல ஞாபகம் இருக்கு. கை தானா கியர் லீவரை மேனுவலுக்குத் தள்ளுச்சு, ரெண்டாவது கியர், என்ஜின் கத்துச்சு, பெடலை டப டபன்னு நாலஞ்சு தடவை பம்ப் பண்ணதும் கொஞ்சம் அழுத்தம் திரும்ப வந்துச்சு, ஹேண்ட் பிரேக்கை பட்டனை அமுக்கிப் புடிச்சபடியே மெதுவா இழுத்து, மலைப்பக்கம் கொஞ்சம் அகலமா இருந்த இடத்துல ஓரம் கட்டினேன். பொண்ணு எழுந்திரிக்கவே இல்ல.

இறங்கிப் பாத்தா முன்னாடி ரெண்டு வீல்லயும் லேசா புகை. பின்னாடி பைக்ல வந்த ஒருத்தர் நல்ல மனசுல தண்ணி பாட்டில எடுத்துட்டு வந்து டிஸ்க் மேல ஊத்தப் போனார், நல்லவேளை அதே நேரம் எங்க மாமாவுக்கு போன் போட்டிருந்தேன், அவரு போன்லயே கத்தினாரு, "டேய் மாப்ள, தண்ணி ஊத்த விடாத, வார்ப்பிரும்பு வெடிச்சுரும், ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து வச்சுட்டு நிக்காத, வீலுக்குக் கல்லு வச்சுட்டு கியர்ல போட்டு விடு, முக்கா மணி நேரம் அப்படியே கெடக்கட்டும்"னு. எங்க காருக்கு கியர்லங்கிறது பி, அதாவது பார்க்கிங். மாமா நாமக்கல்காரர், முப்பது வருஷம் லாரி, அதுல பாதி டேங்கர். ஆறினதுக்கு அப்புறம் பெடல் பழையபடி கெட்டியா வந்துச்சு, அதை அவர்கிட்ட சொன்னதும் அவர் சொன்ன ஒரே வார்த்தை "பிரேக் ஆயில்".

மிச்ச வளைவை ரெண்டாவது கியர்லயே, சில இடத்துல ஒண்ணுலயும், காரவள்ளி வரைக்கும் பிரேக்கை ரொம்பக் கம்மியா தொட்டு இறங்கினேன். எந்த கியர்ல ஏறுறியோ அந்த கியர்லதான் இறங்கணும்னு அவர் நான் லைசென்ஸ் எடுத்த காலத்துல இருந்து சொல்றது, ஆட்டோ கியர் கார் வந்ததும் அது எனக்குப் பொருந்தாதுன்னு நானா முடிவு பண்ணியிருந்தேன். உண்மையில ஆட்டோ கியர்காரனுக்குத்தான் அது ரொம்பப் பொருந்தும், ஏன்னா டி-ல போட்டா அது பெட்ரோல் மிச்சம் பண்ண நாலு அஞ்சுன்னு மேல கியர் மாத்திடும், என்ஜின் புடிமானமே இருக்காது, மொத்த பாரமும் பிரேக் மேலதான். எஸ் (ஸ்போர்ட்) மோடோ மேனுவலோ போடணும்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, உக்காந்து கணக்கு போட்டேன். ஆளுங்களோட சேர்த்து கார் 1250 கிலோன்னு வச்சுக்குங்க. 100 கி.மீ வேகத்துல இருந்து நிறுத்துனா பிரேக் முழுங்குற சக்தி சுமார் 480 கிலோ ஜூல். அதே கார் கிட்டத்தட்ட 1000 மீட்டர் உயரத்துல இருந்து கீழ இறங்குனா மொத்தம் 12,000 கிலோ ஜூலுக்கு மேல. அதாவது 100-ல இருந்து 25 தடவை தொடர்ந்து முழுசா நிறுத்துறதுக்கு சமம். இதுல காத்தும் டயரும் என்ஜினும் எவ்வளவு எடுத்துக்குதோ அது போக மிச்சம் எல்லாம் சூடா டிஸ்க்குல போய் உக்காருது. முன் டிஸ்க் ஒண்ணு ஆறு ஆறரை கிலோ இரும்பு, ஒரே ஒரு தடவை 100-ல இருந்து நிறுத்துனா அதோட சூடு சுமார் 50 டிகிரி ஏறும், ஆற நேரம் கொடுக்கலன்னா அடுத்த 50, அதுக்கு மேல அடுத்த 50. இந்தக் கணக்கு போட்ட அப்புறம்தான் பிரேக்குங்கிறது வண்டிய நிறுத்துற சாமான்கிறத விட சூட்டை வாங்கி வெளிய தள்ளுற சாமான்னு எனக்கு மண்டையில ஏறுச்சு. பேடு, டிஸ்க், ஆயில்னு எதை வாங்கினாலும் ஒரே கேள்விதான், நான் ஓட்டுற ஓட்டத்துக்கு அங்க எவ்வளவு சூடு வருது, அந்த சூட்டுல இந்த சாமான் வேலை செய்யுமா.

இந்த இடத்துல ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், பிரேக் விட்டுப்போறது ரெண்டு மாதிரி, ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. பெடல் மெத்துமெத்துன்னு உள்ள போச்சுன்னா ஆயில் கொதிச்சிருக்கு, கேலிப்பருக்குள்ள (பேடை டிஸ்க் மேல அமுக்குற பிடி) ஆவிக்குமிழ் உண்டாகி நீங்க மிதிக்கிற அழுத்தம் எல்லாம் அந்தக் குமிழை அமுக்கவே சரியாப் போகுது. பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு ஆனா வண்டி நிக்க மாட்டேங்குதுன்னா அது பேடு, அதோட சூட்டு எல்லைய தாண்டிடுச்சு, பிடிமானம் போயிடுச்சு. இது தெரியாம முதல் வகைக்கு விலை கூடுன பேடு வாங்கிப் போட்டா காசு போகும், பிரச்சினை அப்படியே இருக்கும். நானும் தேவையில்லாம அப்படி ஒரு பேடு வாங்கினேன், கொஞ்சம் கீழ சொல்றேன்.

ஆயில் விஷயம் முதல்ல. நம்ம ஊர்ல என்ஜின் ஆயில் மாத்தாதவங்க கிடையாது, பிரேக் ஆயில் மாத்தினவங்கள தேடணும். என் கார்ல நாலு வருஷமா, 52 ஆயிரம் கி.மீ, ஒரு தடவை கூட மாத்தல, சர்வீஸ்ல லெவல் இருக்கான்னு மட்டும் பாத்து டாப் அப் பண்ணி அனுப்பிட்டாங்க, நானும் கேக்கல. இந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், ரப்பர் ஹோஸ் வழியாவே கொஞ்சம் கொஞ்சமா தண்ணி உள்ள போகும், தண்ணி சேரச் சேர கொதிநிலை இறங்கிட்டே வரும். ஆயிலோட தரத்தை டாட்-னு நம்பர் போட்டுச் சொல்வாங்க, டாட் 3 புதுசுல குறைஞ்சது 205 டிகிரி தாங்கணும், தண்ணி சேர்ந்த நிலையில 140. டாட் 4 புதுசுல 230, தண்ணி சேர்ந்தா 155. டாட் 5.1-க்கு 260, 180. தண்ணி சேர்ந்த நிலைன்னா எவ்வளவுன்னு நெனைக்கிறீங்க, 3.7 சதவீதம், அவ்வளவுதான். இதெல்லாம் தரக்கட்டுப்பாட்டுல சொல்ற குறைஞ்சபட்ச அளவு, நல்ல ஆயில் இதை விட அதிகமாவே தாங்கும், உதாரணத்துக்கு மோட்டுல் ஆர்பிஎஃப் 600-ங்கிற ரேஸ் ஆயில் டப்பாவுலயே புதுசுக்கு 312 டிகிரின்னு போட்டிருக்கும். ஆனா ரேஸ் ஆயிலை அடிக்கடி மாத்தணும், தினசரி காருக்கு நல்ல டாட் 4 ஊத்தி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, மலை ஏறுறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துனாலே போதும்ங்கிறது என் கருத்து. டாட் 5-னு தனியா ஒண்ணு இருக்கு, அது சிலிக்கான், 5.1 வேற அது வேற, நம்பர் பெருசா இருக்கேன்னு அதை வாங்கி ஊத்திடாதீங்க, மத்ததோட சேராது, ஏபிஎஸ் (பிரேக் புடிக்கும்போது வீல் லாக் ஆகாம தடுக்கிறது) இருக்கிற கார்ல போடவே கூடாது.

மாத்தும்போது ஏர் எடுக்கிறது, அதாவது பைப்ல இருக்கிற காத்தையும் பழைய ஆயிலையும் வெளிய தள்ளுறது, ரெண்டு பேர் வேலை, ஒருத்தர் மிதிக்கணும் ஒருத்தர் வீல் பக்கத்துல நிப்பிள் (ஆயில் வெளிய வர்ற சின்ன திருகு) தொறந்து மூடணும், எந்த வீல்ல ஆரம்பிக்கணும்னு உங்க கார் மேனுவல் என்ன சொல்லுதோ அதே வரிசை. பழைய வண்டியில மிதிக்கிறவங்கள தரை வரைக்கும் அமுக்க விடாதீங்க, பெடல் அமுக்கி ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ல வழக்கமா போகாத ஆழத்துல துரு புடிச்சிருக்கும், சீல் அங்க போய் உரசிட்டு வந்தா கிழிஞ்சிரும், ஒரு மரக்கட்டைய பெடலுக்குக் கீழ வச்சுக்கிட்டா நிம்மதி. சிந்துன ஆயிலை உடனே தண்ணி விட்டுக் கழுவுங்க, பெயின்ட்டை உரிச்சிடும்.

சரி, நான் பண்ண தப்புக்கு வர்றேன். கொல்லிமலைக்கு அப்புறம் பயம். இனிமே என் கார்ல பிரேக்குங்கிற பேச்சே வரக்கூடாதுன்னு, ஆயிலை மாத்தினதோட நிக்காம, ரேஸ் ட்ராக்ல ஓட்டுறவங்க போடுற பேடு ஒரு செட்டும், ஓட்டை போட்ட டிஸ்க் ஒரு ஜோடியும் வாங்கிப் போட்டேன். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், சாமான் மேல தப்பு இல்ல, அது எதுக்குச் செஞ்சதோ அந்த வேலைக்கு நான் அதை வாங்கல. அந்த பேடு 200 டிகிரிக்கு மேலதான் நல்லா கடிக்கும், அதுக்குக் கீழ மரக்கட்டை மாதிரி. ஜனவரி மாசம், விடிகாலை அஞ்சரை, சேலத்துக்கு ட்ரெயின் புடிக்க கிளம்பினேன், வீட்டுல இருந்து மூணாவது தெரு, ஒரு பெரியவர் டிவிஎஸ் 50-ல பால் கேனோட சந்துல இருந்து வெளிய வந்தார். மிதிச்சேன். பெடல் கெட்டியா இருக்கு, கார் நிதானமா போய்க்கிட்டே இருக்கு, இன்னும் ஏறி மிதிச்சதுக்கு அப்புறம் கடிச்சுச்சு, அவருக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு முழம். அவர் திட்டக்கூட இல்ல, பாத்துட்டுப் போயிட்டார். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், தெருவுல ஓடுற காருக்கு முதல் மிதியில, ஆறிப்போன டிஸ்க்குல, மழையில நனைஞ்ச டிஸ்க்குல கடிக்கிறதுதான் முதல் தகுதி, மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்.

அதுவும் போக அந்த பேடு போட்ட ரெண்டு மாசமும் ஒவ்வொரு சிக்னல்லயும் கீச்சுன்னு பஸ் மாதிரி சத்தம், வீல் பூரா கருப்புத் தூள், டிஸ்க்குல கோடு கோடா வரி விழுந்துச்சு. ஓட்டை டிஸ்க் பத்தி ஒண்ணு, பாக்க அழகுதான், ஆனா ஓட்டை போடப் போட இரும்பு குறையுது, இரும்பு குறைஞ்சா சூடு வாங்குற சக்தி குறையுது, சூடாகி ஆறி சூடாகி ஆறி அந்த ஓட்டை விளிம்புல இருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். என்னோட டிஸ்க்ல மயிரிழை மாதிரி விரிசல் ஒரு வருஷத்துல வந்துருச்சு. நல்ல கனமான, நடுவுல காத்து போற, ஓட்டை இல்லாத சாதா டிஸ்க்கே ரோட்டுக்கு மேல்னு இப்ப நான் யார் கேட்டாலும் சொல்றேன். கோடு வெட்டின டிஸ்க் பரவாயில்ல, பேடு கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான்.

பேடு எப்படி தேர்ந்தெடுக்கிறது. நிறைய பேடோட ஓரத்துலயோ பின் தகட்டுலயோ நம்பரோட கடைசியில ரெண்டு இங்கிலீஷ் எழுத்து அடிச்சிருக்கும், இஇ, எஃப்எஃப், ஜிஜி இந்த மாதிரி. முதல் எழுத்து குறைஞ்ச சூட்டுல பிடிமானம் எவ்வளவுன்னு, ரெண்டாவது நல்லா சூடானதுக்கு அப்புறம் எவ்வளவுன்னு. இ-ன்னா உராய்வுக் கெழு 0.25-ல இருந்து 0.35, எஃப்-னா 0.35-ல இருந்து 0.45, ஜி-ன்னா 0.45-ல இருந்து 0.55, எச்-னா அதுக்கும் மேல. முதல் எழுத்தை விட ரெண்டாவது கீழ இருந்தா, உதாரணத்துக்கு எஃப்இ, சூடானா பிடிமானம் இறங்குற பேடுன்னு அர்த்தம், மலைக்குப் போற கார்ல அதை நான் போட மாட்டேன். ரோட்டு காருக்கு எஃப்எஃப் நல்லாவே போதும். ஒரு எச்சரிக்கை, இந்த எழுத்து பிடிமானத்தை மட்டும்தான் சொல்லும், ட்ராக் சூட்டை தாங்குமா, எவ்வளவு நாள் வரும், சத்தம் போடுமா எதையும் சொல்லாது, ஆனா டப்பாவுல போட்டிருக்கிற 'ஸ்போர்ட்', 'அல்ட்ரா' எல்லாத்தையும் விட இந்த ரெண்டு எழுத்து உண்மையான தகவல்.

வேகமா ஓட்டுறவங்களுக்கு நடுத்தரமான ஒரு வகை இருக்கு, ஆறிப்போன நிலையிலயும் கடிக்கும், 400, 500 டிகிரி வரைக்கும் தாங்கும், ஃபெரோடோ டிஎஸ் 2500, இபிசி எல்லோஸ்டஃப் எல்லாம் அந்த வகை. இபிசில கலர்தான் கணக்கு, கிரீன் சாதாரண ரோட்டுக்கு, ரெட் தூள் கம்மி, எல்லோ வேகமான ரோடும் எப்பவாவது ட்ராக்கும். எல்லாருக்கும் இது வேணுமான்னு கேட்டா வேணாம். அம்பத்தூர்ல ரானே, பாடியில பிரேக்ஸ் இந்தியான்னு 60-கள்ல இருந்து பிரேக் சாமான் செய்யுற கம்பெனிங்க நம்ம சென்னையிலயே இருக்கு, கார் கம்பெனிங்களுக்கே சப்ளை பண்றவங்க, அந்த மாதிரி இடத்துல இருந்து வர்ற நல்ல பேடும் புது ஆயிலும் முக்காவாசி பேருக்குத் தேவைக்கு மேலயே இருக்கும்.

எனக்கு எது வேணும்னு தெரிஞ்சுக்க நான் ஒரு டெம்பரேச்சர் கன் வாங்கினேன், துப்பாக்கி மாதிரி நீட்டி அமுக்குனா சூடு காட்டும். பளபளன்னு இருக்கிற உரசுற பரப்புல காட்டினா குறைச்சுத்தான் காட்டும், அதனால டிஸ்க்கோட துருப்புடிச்ச வெளி விளிம்புல காட்டணும், வண்டி நின்ன உடனே எடுக்கணும். டவுனுக்குள்ள சுத்திட்டு வந்தா 90-ல இருந்து 120 டிகிரி. சேலம் பைபாஸ்ல டோல்கேட்டுக்கு 100-ல இருந்து நிறுத்துனா 150 சொச்சம். ஏற்காடு 20 வளைவு கியர்ல இறங்குனா 160, அதையே டி-ல விட்டு பிரேக்லயே இறங்குனா 290. ஒரே கார், ஒரே ரோடு, ஒரே பேடு, கியர் லீவர் எங்க இருக்குங்கிறதுல மட்டும் 130 டிகிரி வித்தியாசம். இதை விட மலிவான அப்கிரேட் எனக்குத் தெரியல.

கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல காரி மோட்டார் ஸ்பீட்வேங்கிற ரேஸ் ட்ராக்ல ஒரு ட்ராக் டேக்கு (சொந்தக் காரை ட்ராக்ல ஓட்டிப் பாக்குற நாள்) அடுத்த வருஷம் போனேன். அப்ப திரும்ப ரோட்டு பேடு, புது டாட் 4. மூணு லேப் அருமையா இருந்துச்சு, நாலாவது லேப்ல நீளமான நேர் ரோட்டு முடிவுல மிதிச்சா பெடல் கல்லு மாதிரி, வண்டி வழுக்கிட்டுப் போற மாதிரி. ஆனா இந்தத் தடவை என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுது, பேடு சூடு தாண்டிருச்சு, ஆயில் நல்லா இருக்கு. ஒரு லேப் பிரேக்கே தொடாத மாதிரி மெதுவா சுத்தி காத்து வாங்க விட்டு உள்ள வந்தேன், விளிம்புல 460 காட்டுச்சு. நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடல, பெடல் மேல காலும் வைக்கல. சூடா இருக்கிற டிஸ்க்கை பேடு கவ்விக்கிட்டு நின்னா அந்த இடத்துல பேடு மெட்டீரியல் ஒட்டிக்கும்.

அந்த ஒட்டிக்கிறதுதான் அடுத்த கதை. 'டிஸ்க் பெண்டு' அப்படின்னு மெக்கானிக்குங்க சொல்வாங்க, 80-ல பிரேக் புடிச்சா ஸ்டீயரிங் ஆடும். எனக்கும் வந்துச்சு. டிஸ்க் மாத்தணும்னு சொன்னாங்க, மாத்தினேன், மூணு மாசத்துல திரும்ப ஆட்டம். பெரும்பாலும் டிஸ்க் உண்மையில வளையறதில்ல, ஒண்ணு பேடு மெட்டீரியல் அங்கங்க திட்டுத் திட்டா ஒட்டி இருக்கும், இல்லன்னா டிஸ்க் உக்கார்ற ஹப் முகத்துல துரு இருந்து டிஸ்க் ஒரு நூல் சாய்ஞ்சு உக்காந்திருக்கும், அந்த ஆட்டத்துல ஒவ்வொரு சுத்துலயும் ஒரே இடம் பேடுல உரசி உரசி தடிமன் மாறிடும். ஈரோட்டுல ஒரு லேத் பட்டறை அண்ணன் டயல் கேஜ் (நூலளவு ஆட்டத்தையும் அளக்கிற முள் கருவி) வச்சுக் காட்டினதும்தான் நம்பினேன். ஹப்பை ஒயர் பிரஷ் போட்டு பளபளன்னு தேச்சுட்டு அதே டிஸ்க்கை மாட்டினார், ஆட்டத்துல பாதி அங்கயே போச்சு. டிஸ்க் மாத்துறப்ப ஹப்பைத் தேய்க்கச் சொல்லி பக்கத்துலயே நில்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை. டிஸ்க் மேலயே குறைஞ்சபட்ச தடிமன் எவ்வளவுன்னு அடிச்சிருப்பாங்க, அதுக்குக் கீழ போனதை லேத்ல கடைஞ்சு ஓட்டாதீங்க.

அதே அண்ணன்தான் இன்னொண்ணும் காட்டினார். இடது பக்க கேலிப்பர்ல உள் பேடு 2 மி.மீ, வெளி பேடு 7 மி.மீ. கேலிப்பர் நகர்ற பின்னு ரெண்டும் காஞ்சு இறுகிப் போயிருந்துச்சு, அதனால பிஸ்டன் தள்ளுற பக்கம் மட்டும் தேயுது. முந்தின தடவை யாரோ வீல் பேரிங் கிரீஸை அள்ளித் தடவி இருக்காங்க, அது ரப்பரை ஊத வச்சு இன்னும் இறுக்கிருச்சு. பிரேக்குக்குன்னு இருக்கிற சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான் அங்க போகணும். பின்னு சுத்தம் பண்ணி, கிரீஸ் போட்டு, பேடு நகர்ற கிளிப் இடத்துல துருவை அரம் போட்டு எடுத்து மாட்டினதும் எனக்கு வேற கார் ஓட்டுற மாதிரி இருந்துச்சு. நான் அதுவரைக்கும் வாங்கின எந்த சாமானும் அந்த வித்தியாசத்தைக் கொடுக்கல. செலவு நூத்துச் சொச்சம்.

புது பேடு போட்டா பழக்கணும். இதை மாமா லாரி லைனருக்குச் சொல்வாரு, காருக்கும் அதேதான். புது பேடுல இருக்கிற பசை முதல் தடவை நல்லா சூடாகும்போது வாயுவா வெளிய வரும், அது வர்ற நேரம் பிரேக் திடீர்னு வழுக்கும், அதை மலையில அனுபவிக்கக் கூடாது, காலி ரோட்டுல முடிச்சுடணும். பேடு கம்பெனி ஒரு முறை சொல்லியிருந்தா அதைப் பண்ணுங்க. நான் பண்றது, விடிகாலையில பின்னாடி வண்டி இல்லாத நேரமா பாத்து 60-ல இருந்து 15 வரைக்கும் நிதானமா ஒரு எட்டு தடவை, அப்புறம் 90-ல இருந்து 20 வரைக்கும் கொஞ்சம் அழுத்தி ஒரு ஆறு தடவை, எங்கயும் முழுசா நிறுத்தக் கூடாது, அப்புறம் பிரேக் தொடாம ஒரு பத்து கி.மீ ஓட்டி ஆற விடுறது. வேற வகை பேடுக்கு மாறுறீங்கன்னா பழைய பேடோட படிவு டிஸ்க்குல இருக்கும், சொரசொரப்பான உப்புத்தாள் போட்டு அதை எடுத்துட்டு பழக்குங்க.

பெரிய டிஸ்க்கும் பெரிய கேலிப்பரும் சேர்ந்து வர்ற பிரேக் கிட் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. ஒரு சோதனை சொல்றேன், காலி ரோட்டுல, பின்னாடி யாரும் இல்லன்னு உறுதி பண்ணிட்டு, 80-ல இருந்து முழுசா மிதிங்க. ஏபிஎஸ் தட தடன்னு அடிச்சுதுன்னா உங்க பிரேக்குக்கு டயர் தாங்குறதை விட அதிக பலம் ஏற்கனவே இருக்கு, ஆறு பிஸ்டன் கேலிப்பர் போட்டாலும் அந்த ஒரு தடவை நிக்கிற தூரம் குறையாது. தூரத்தைக் குறைக்கிறது டயர். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2319-னா 2019-ல 23-வது வாரம் செஞ்சது, பட்டன் தேயாம இருக்குதேன்னு ஏழு எட்டு வருஷ டயர்ல ஓடிக்கிட்டு முன்னாடி சிவப்பு கேலிப்பர் மாட்டுறதைப் பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். பெரிய டிஸ்க்கோட உண்மையான பலன் திரும்பத் திரும்ப மிதிக்கும்போதுதான், இரும்பு அதிகம், சூடு மெதுவா ஏறும்.

என் நண்பர் ஒருத்தர் 256 மி.மீ டிஸ்க்குல இருந்து 288-க்கு மாறினார், அதே கம்பெனி பெரிய என்ஜின் காரோட கேலிப்பர், பிஸ்டன் ரெண்டுலயும் 54 மி.மீ-ங்கிறதால பெடல் ஆழம் மாறல, முன் பின் பேலன்ஸும் பெருசா கெடல. அப்கிரேட் பண்ணியே ஆகணும்னா இந்த வழிதான் புத்திசாலித்தனம். பிஸ்டன் மொத்தப் பரப்பு எக்கச்சக்கமா மாறுற கிட்டை மாட்டினா மாஸ்டர் சிலிண்டர் தள்ளுற ஆயில் பத்தாம பெடல் ஆழமாகும், முன்னாடி மட்டும் பலம் கூடினா பின் பிரேக் சும்மா தொங்கும். வீலுக்குள்ள இடிக்குதான்னும் பாக்கணும். வண்டிய மாத்தியமைக்கிறது பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, இன்சூரன்ஸ் ரெண்டையும் யோசிச்சுட்டு செய்யுங்க, விபத்துன்னு வந்தா முதல் கேள்வி அங்கதான் வரும்.

ஸ்டீல் பின்னின ஹோஸ் நான் போட்டிருக்கேன், பெடல் கெட்டியா, கால் சொல்றது வீலுக்கு சட்டுன்னு போற மாதிரி இருக்கு, நிக்கிற தூரம் குறையல. பழைய ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தா மாத்தும்போது இதைப் போடலாம், நல்லா இருக்கிறதைக் கழட்டி போட வேண்டாம். பின் ட்ரம்மை டிஸ்க்கா மாத்துறதுல எனக்கு சுத்தமா நம்பிக்கை இல்ல, சுமார் 70 சதவீத வேலை முன் பிரேக்தான் பாக்குது, ட்ரம்மை கழட்டி தூள் துடைச்சு அட்ஜஸ்ட் பண்ணி வச்சாலே போதும். அந்தத் தூளை மட்டும் காத்தடிச்சு ஊதாதீங்க, ஈரத்துணியில துடைங்க, நுரையீரலுக்குக் கெடுதல்.

வாங்குற இடம் பத்தியும் சொல்லிடறேன். ஒரு தடவை பாதி விலைக்குக் கிடைச்சுதுன்னு ஒரு கடையில வாங்கின பேடு அச்சு அசல் ஒரிஜினல் டப்பா, பிரிச்சுப் பாத்தா பின் தகட்டுல பெயின்ட் வழிஞ்சு கெடக்குது, எழுத்து அடிச்சது இல்ல, மை போட்டு எழுதுனது, ஓரத்தை நகத்தால சுரண்டினா பொடி உதிருது. திருப்பிக் கொடுத்துட்டேன். இதுல மட்டும் பேரம் பேசாதீங்க, பில் போட்டுக் கொடுக்கிற, உங்களுக்குத் தெரிஞ்ச டீலர்கிட்ட வாங்குங்க, மாட்டுறதுக்கு முன்னாடி உங்க கையால எடுத்துப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்துறதும் வேண்டாம், இடது வலது ரெண்டும் சேர்த்துத்தான், 3 மி.மீ-க்கு வந்ததும் மாத்திடுங்க.

இப்ப என் கார்ல இருக்கிறது கம்பெனி அளவு சாதா டிஸ்க், எஃப்எஃப் பேடு, வருஷா வருஷம் மாத்துற டாட் 4, ரெண்டு வருஷ டயர், ஸ்டீல் ஹோஸ். ட்ராக் டேக்கு மட்டும் தனியா ஒரு செட் சூடு தாங்குற பேடும் அதுக்குன்னு ஒரு ஜோடி டிஸ்க்கும் வீட்டுல இருக்கு, முந்தின நாள் மாட்டி வந்ததும் கழட்டிடுவேன். கழட்டி மாட்ட ரெண்டு மணி நேரம் ஆகும், பொண்ணு இப்ப வளந்துட்டா, நிப்பிள் தொறக்கும்போது "மிதி, புடி, விடு"ன்னு நான் சொல்ல அவதான் பெடல் மிதிக்கிறா.

போன மாசம் திரும்ப கொல்லிமலை போனோம், இந்தத் தடவை மாமாவும் முன் சீட்டுல. மேல இருந்து மேனுவல்ல ரெண்டாவது கியர், வளைவுக்கு முன்னாடி மட்டும் ஒரு தடவை அழுத்தமா மிதிச்சு முழுசா விட்டுடறது, மிதிச்சுக்கிட்டே உரசிக்கிட்டு வர்றது இல்ல. காரவள்ளி வந்ததும் ஓரம் கட்டி கன் எடுத்து வெளி விளிம்புல காட்டினேன், இடது 172, வலது 168. மாமா கண்ணாடிய மேல ஏத்திட்டு அந்த நம்பரைப் பாத்தாரு, அப்புறம் போய் நாலு வீலையும் கை பக்கத்துல வச்சு வச்சுப் பாத்துட்டு வந்து, "பின்னாடி வலது கொஞ்சம் ஜில்லுனு இருக்கு, ட்ரம்மைக் கழட்டிப் பாரு"ன்னாரு. கழட்டிப் பாத்தேன், லைனருக்கும் ட்ரம்முக்கும் நடுவுல இடைவெளிய சரி பண்ற அட்ஜஸ்டர் சிக்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு.